மக்காச்சோளமும் சுண்ணாம்பு நீரும்: மெக்சிகோ நாட்டு அடுப்படி வரலாறு

1899ஆம் ஆண்டில் மெக்சிகோ நாட்டு அரசியல்வாதியும் எழுத்தாளருமான பிரான்சிஸ்கோ புல்னெஸ் என்பார், ஸ்பானிய அமெரிக்க நாடுகளின் எதிர்காலத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். உலக மக்களை அவர் நிறத்தாலோ சமயத்தாலோ பகுக்கவில்லை. உண்ணும் தவசத்தால் பகுத்தார். கோதுமை உண்போர், அரிசி உண்போர், மக்காச்சோளம் உண்போர் என மனித குலம் மூவகைப்படும் என்றும், அம்மூன்றனுள் உண்மையான முன்னேற்றத்துக்குரிய இனம் கோதுமை உண்போர் இனம் ஒன்றே என்றும் முடிவு கட்டினார். தம் நாட்டுப் பழங்குடி மக்கள் தாழ்ந்து கிடப்பதற்குக் காரணம் அவர்கள் வயிற்றில் விழும் மக்காச்சோளமே என்பது அவர் வாதம். அரிசி உண்பவரும் அவர் கணக்கில் தப்பவில்லை என்பதைச் சோறு உண்ணும் வாசகர்கள் கவனிப்பார்களாக.

இக்கருத்து புல்னெஸ் ஒருவருக்கே உரியதன்று. அஸ்தெக் பேரரசின் தலைநகரான தெனோச்தித்லான் 1521இல் ஸ்பானியர் கையில் வீழ்ந்த காலந்தொட்டு, கோதுமை ரொட்டி ஆள்வோர் உணவு, மக்காச்சோள அடை ஆளப்படுவோர் உணவு என்னும் பாகுபாடு அந்நாட்டில் வேரூன்றியது. கத்தோலிக்க தேவாலயத்துப் பூசைக்கும் கோதுமை அப்பமே ஏற்புடையது. மக்காச்சோளத்துக்கு அங்கே இடமில்லை. எனினும் புல்னெசுக்குரிய விடை, அவர் வாழ்ந்த நகரத்தின் சமையற்கட்டுகளிலேயே மண்பானைகளில் இரவு முழுதும் ஊறிக்கொண்டிருந்தது. அதனைப் படித்தறியக் கற்றவர்க்கு இன்னும் அரை நூற்றாண்டு பிடித்தது.

புல்லில் பிறந்த தவசம்

மக்காச்சோளம், தமிழர் பண்டு தொட்டு அறிந்த சோளத்தின் வகையன்று. சோளம் ஆப்பிரிக்காவில் தோன்றியது. மலாய் மொழியில் ஜாகோங் என வழங்கும் மக்காச்சோளமோ முற்றிலும் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. மெக்சிகோவின் தென்மேற்கில் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் தெயோசிந்தே என்னும் காட்டுப்புல் இன்றும் வளர்கின்றது. அதன் கதிர் விரலளவே உடையது. அதில் பத்துப் பன்னிரண்டு மணிகள், ஒவ்வொன்றும் கல்லைப் போன்ற ஓட்டுக்குள் அடைபட்டிருக்கும். ஏறத்தாழ 9,000 ஆண்டுகட்கு முன்னர் அவ்வட்டாரத்து மக்கள் இப்புல்லில் நல்ல கதிர்களைத் தேர்ந்து தேர்ந்து விதைத்து, நாளடைவில் அதனை வேறொரு பயிராகவே ஆக்கிவிட்டனர். வஹாக்கா மாநிலத்துக் கீலா நக்கீட்ஸ் குகையில் கண்டெடுக்கப்பட்ட சிறு கதிர்த் தண்டுகள் 6,000 ஆண்டுகட்கு மேற்பட்டவை எனக் கணிக்கப்பட்டுள்ளன.

இம்மாற்றத்தில் ஒரு விந்தை உண்டு. தெயோசிந்தே தன் விதையைத் தானே உதிர்த்துப் பரப்பும். மக்காச்சோளத்தால் அது இயலாது. மணிகள் தண்டோடு இறுகி, மடல்களால் மூடப்பட்டுக் கிடக்கும். மனிதன் கை மடலுரித்து மணியுதிர்த்து விதைக்காவிடின் அப்பயிர் சில பருவங்களிலேயே அற்றுப்போகும். மனிதனின்றி மக்காச்சோளமில்லை. மக்காச்சோளமின்றி மனிதனில்லை என்பதைக் குவாத்தமாலா நாட்டுக் கீச்சே மாயா மக்களின் போபோல் வூ என்னும் பழங்கதைத் தொகுதி வேறொரு வகையில் சொல்லுகின்றது. தேவர்கள் முதலில் மண்ணால் மனிதனைச் செய்தனர், நிலைக்கவில்லை. மரத்தால் செய்தனர், அவனுக்கு உள்ளமில்லை. பின்னர் மஞ்சள் சோளத்தையும் வெள்ளைச் சோளத்தையும் ஷ்முகானே என்னும் மூதாட்டி ஒன்பது முறை அரைத்தாள். அம்மாவிலிருந்து மனிதன் உருவானான். அக்கதையில் படைப்புத் தொழில் அரைக்கும் கல்லின்மேல் நடைபெறுவது நினைவில் கொள்ளத்தக்கது.

சுண்ணாம்பு செய்யும் வேலை

மெக்சிகோ நாட்டுச் சமையல் என்றால் மிளகாயும் தக்காளியும் கோக்கோவும் நினைவுக்கு வரக்கூடும். அவை யாவும் சுவைக்குரியவை. சமையலின் அடிப்படையாய் அமைந்தது ஒரு பானை வெந்நீரும் ஒரு பிடி சுண்ணாம்புமேயாகும். வெற்றிலைக்குத் தடவும் அதே நீற்றின சுண்ணாம்புதான். காய்ந்த மக்காச்சோள மணிகளை நீரிலிட்டு, மணியின் எடையில் நூற்றில் ஒரு பங்களவு சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றி, கொதிநிலைக்குச் சற்றுக் கீழாக வேகவைப்பர். மணி முற்றும் குழைந்துவிடலாகாது. ஒரு மணியை எடுத்து இரு விரலிடையே தேய்த்துப் பார்த்து, தோல் வழுக்கிக்கொண்டு வந்தால் பானையை இறக்கிவிடுவர். அப்படியே இரவு முழுதும் ஊறும். விடிந்ததும் மஞ்சள் நிறம் பாய்ந்த அந்நீரை வடித்துவிட்டு, தோல் கழியக் கழுவுவர். சுண்ணாம்பு மிகுந்தால் மாவு கசக்கும். குறைந்தால் தோல் கழலாது. அளவுகோல் யாதுமில்லை, கையே அளவு.

இவ்வாறு பக்குவப்பட்ட மணிக்கு நிஷ்தமால் என்று பெயர். அஸ்தெக் மக்களின் நாவாத்தல் மொழியில் நெஷ்த்லி என்றால் சாம்பல். தமால்லி என்றால் மடலில் பொதிந்து அவித்த மாவுப் பண்டம். சுண்ணாம்புக்கு ஈடாக விறகுச் சாம்பலும் இவ்வேலைக்குப் பயன்பட்டதைச் சொல்லே காட்டிக்கொடுக்கின்றது. குவாத்தமாலாவின் தென்கடற்கரையில் கி.மு. 1500க்கும் 1200க்கும் இடைப்பட்ட காலத்திலேயே இம்முறை வழங்கியதற்குரிய கலங்கள் கிடைத்துள்ளன என ஆராய்ச்சியாளர் கூறுவர்.

கழுவிய நிஷ்தமால் அடுத்துச் செல்வது மெத்தாத்தே என்னும் கல்லுக்கு. இது அம்மிக்கு நெருங்கிய உறவு. எரிமலைக் கல்லால் ஆனது; மூன்று சிறு கால்களில் முன்பக்கம் சரிந்து நிற்பது. அரைப்பவள் அதன் பின்னே முழந்தாளிட்டு, நீண்ட குழவியை இரு கைகளாலும் பற்றி, உடல் முழுவதும் முன்னோக்கிச் சாயத் தள்ளுவாள். கிடைக்கும் மாவுக்கு மாசா என்று பெயர். சுண்ணாம்பு படாத மக்காச்சோளத்தை எவ்வளவு அரைத்தாலும் அது ஒட்டாது, உதிரும். சுண்ணாம்பு, தோலின் நாரைக் கரைத்துப் பசையாக்கி மாவைப் பிணைக்கின்றது. ஆகவே அடை தட்ட முடிகின்றது. மாசாவை உருட்டி, இரு உள்ளங்கைகளுக்கிடையே தட்டித் தட்டி விரித்து, கோமால் என்னும் மண்கல்லில் இடுவர். தோசை ஒட்டாதிருக்கக் கல்லில் எண்ணெய் துடைப்பது போல, கோமாலுக்குச் சுண்ணாம்பு நீர் பூசுவர். நன்கு அரைத்த மாவாயின் மூன்றாம் புரட்டலில் அடை உப்பி எழும். இதுவே தோர்த்தியா. ஸ்பானிய மொழியில் சிறு அப்பம் என்பது இதன் பொருள். ஸ்பானியர் இட்ட பெயர்தான் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. நாவாத்தல் மொழியினர் அதனைத் த்லஷ்கல்லி என்றனர்.

அதே மாவை நீர்க்கக் கரைத்துக் காய்ச்சினால் அத்தோலே என்னும் கஞ்சி. கோக்கோ சேர்த்தால் சம்புராதோ. மடலில் பொதிந்து ஆவியில் வைத்தால் தமால். பெரிய மணிகளைத் தோல் கழற்றி இறைச்சியுடன் குழம்பாக்கினால் பொசோலே. மாவைச் சற்றுப் புளிக்கவிட்டு நீரில் கலக்கினால் தபாஸ்கோ, சியாப்பாஸ் மாநிலத்து உழவன் காட்டுக்கு எடுத்துச் செல்லும் பொசோல். கதிரில் கரும்பூசணம் பற்றிவிட்டால் பிற நாட்டு உழவர் பயிர் கெட்டது என்பர். மெக்சிகோ மக்கள் அப்பூசணத்தையே வதக்கி, வித்லாகோச்சே என்று விரும்பி உண்பர்.

அச்சமுறாதிருக்க ஊதிய மூச்சு

ஸ்பானியர் வந்த தலைமுறையிலேயே இவ்வுணவு வாழ்வு ஏட்டில் பதிவாயிற்று. பெர்னார்தினோ தெ சாகூன் என்னும் பிரான்சிஸ்கன் துறவி, நாவாத்தல் மொழி பேசும் முதியோரை வினவி எழுதுவித்த பன்னிரு பகுதிப் பெருநூலில், சந்தையில் அடையும் தமாலும் விற்போர் எத்தனை வகை வைத்து விற்றனர் என்பது கூட உண்டு. அந்நூல் தரும் செய்திகளுள் இரண்டு மனத்தைத் தொடுவன. பெண்கள் மக்காச்சோளத்தைப் பானையிலிடுமுன் அதன்மேல் தம் மூச்சை ஊதுவார்களாம். வெப்பத்தைக் கண்டு தவசம் அஞ்சாதிருக்கும் பொருட்டு. தரையில் சிதறிக் கிடக்கும் மணியைக் கண்டால் பொறுக்கியெடுக்காமல் செல்லமாட்டார்களாம். சென்றால் அது கடவுளிடம் முறையிடும் என்பது நம்பிக்கை. சோற்றுப் பருக்கை சிந்தினால் கண்டிக்கும் பாட்டிமாரை அறிந்தவர்க்கு இது விளங்காமற்போகாது.

1541ஆம் ஆண்டளவில் வரையப்பெற்ற மெந்தோசா ஓவியச் சுவடியில், குழந்தைகள் வளரும் முறை வயதுவாரியாகக் காட்டப்பட்டுள்ளது. ஒவ்வொரு வயதுக்கும் வேளைக்குரிய அடையளவும் படமாகவே உண்டு. மூன்று வயதுக்கு அரை அடை, நான்கு, ஐந்து வயதுக்கு ஒன்று, ஆறு முதல் பன்னிரண்டு வரை ஒன்றரை, பதின்மூன்றில் இரண்டு. அந்தப் பதின்மூன்று வயதுப் பெண் அடை தின்பவளாக மட்டும் காட்டப்படவில்லை. மெத்தாத்தேயின் முன் முழந்தாளிட்டு அமர்ந்திருக்கின்றாள்.

தவசம் சென்றது, முறை செல்லவில்லை

கொலம்பசின் கப்பல்களோடு 1493இல் ஐரோப்பா புகுந்த மக்காச்சோளம், விளைச்சல் மிகுதியால் ஏழைகளின் உணவாக விரைவில் பரவிற்று. வட இத்தாலியில் பொலெந்தா என்னும் களி, ஸ்பெயினில் ரொட்டி, பின்னர் ஆப்பிரிக்காவில் கூழ் என அது உருவெடுத்தது. விதையைக் கொண்டு சென்றவர்கள் அதனை விளைவிக்கும் முறையையும் கேட்டுக்கொண்டனர். சுண்ணாம்பு நீரில் ஏன் வேகவைக்கிறீர்கள் என்று அடுப்படியில் இருந்த பெண்களை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஐரோப்பாவில் ஆலைக்கல் இருந்தது. தோலைக் கழற்றச் சுண்ணாம்பு தேவைப்படவில்லை. தேவையற்றதாகத் தோன்றிய அவ்வேலை கைவிடப்பட்டது.

அதன் விலை இரு நூற்றாண்டுகட்குப் பின் வெளிப்பட்டது. 1735இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் காஸ்பர் காசால் என்னும் மருத்துவர், ஏழை உழவரிடையே ஒரு புதுநோயைக் கண்டு குறித்தார். வெயில்படும் தோல் சிவந்து வெடிக்கும். கழுத்தைச் சுற்றி மாலையிட்டாற்போலத் தடம் விழும். 1771இல் மிலான் நகர மருத்துவர் பிரான்செஸ்கோ பிராப்போல்லி, இத்தாலியில் அது வழங்கிய பெலாகரா என்னும் பெயரால் அதனை விளக்கி எழுதினார். தோல் நோயாய்த் தொடங்கி, வயிற்றுப்போக்காய் வளர்ந்து, மதிமயக்கத்தில் முடிந்து, பலரைச் சாவிலும் சேர்த்தது. நோயாளிகள் மக்காச்சோளத்தையே நம்பி வாழும் ஏழைகள் என்பதைப் பலரும் கண்டனர். ஆகவே தவசத்திலேயே நஞ்சு உள்ளது என்றனர் சிலர். கெட்டுப்போன தவசத்தின் கேடு என்றனர் வேறு சிலர். மக்காச்சோளம் பிறந்த மெக்சிகோவில் இந்நோய் ஏன் அரிதாயிருக்கின்றது என்னும் வினா எளிதில் எழவில்லை.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென் மாநிலங்களில் நேர்ந்தது இன்னும் கொடிது. அங்கு வாழ்ந்த பழங்குடியினர் சாம்பல் நீரில் சோளத்தைப் பக்குவப்படுத்தும் முறையை அறிந்தவர்கள். குடியேறிய வெள்ளையரும் அதைச் சிறிது கற்றிருந்தனர். ஆலையில் நைய அரைத்த மலிவு மாவு வந்தபின் அப்பழக்கம் தேய்ந்தது. 1906 முதல் 1940 வரை ஏறத்தாழ 30 இலட்சம் பேர் பெலாகராவுக்கு ஆளாயினர், ஒரு இலட்சம் பேர் மாண்டனர் என மதிப்பிடப்படுகின்றது. பருத்தித் தோட்டக் கூலிகளும், மனநோய் விடுதிகளிலும் அனாதை விடுதிகளிலும் கிடந்தவர்களுமே பெரும்பாலோர்.

1914இல் அரசாங்கத்தால் அனுப்பப்பட்ட ஜோசப் கோல்ட்பெர்கர் என்னும் மருத்துவர், விடுதிகளில் நோயாளிக்கு நோய் வருகின்றது, ஊழியருக்கு வருவதில்லை என்பதைக் கண்டார். தொற்றுநோயாயின் இவ்வேறுபாடு ஏன்? 1915இல் மிசிசிப்பி மாநிலத்துச் சிறைப் பண்ணை ஒன்றில், விடுதலை வாக்களிக்கப்பட்ட கைதிகள் 11 பேருக்குச் சோளமாவும் அதையொத்த மாவுணவுமே அளித்து வந்தார். சில திங்களில் 6 பேருக்கு நோய் கண்டது. அப்போதும் தொற்றுக் கொள்கையினர் விடவில்லை. எனவே கோல்ட்பெர்கர் 1916இல் நோயாளியின் குருதியைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டார். நோயாளியின் கழிவைக் கூட மாத்திரையாக்கி விழுங்கினார். அவருக்கு ஒன்றும் நேரவில்லை. உணவிலுள்ள குறையே காரணம் என்பது நிலைபெற்றது. குறைந்த பொருள் எதுவென அறியாமலேயே அவர் 1929இல் காலமானார். 1937இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக் கான்ராட் எல்வெஜெம், அது நிக்கோட்டினிக் அமிலம் எனக் காட்டினார். இன்று நயாசின் என வழங்கும் உயிர்ச்சத்து இதுவே.

இதனினும் வியப்பு, மக்காச்சோளத்தில் அச்சத்து இல்லாமலில்லை என்பதுதான். மணிக்குள் அது வேறு பொருள்களோடு பிணைந்து பூட்டப்பட்டுக் கிடக்கின்றது. வெறுமனே அரைத்துக் களி கிண்டினால் வயிற்றால் அதைப் பிரித்தெடுக்க இயலாது. அப்பூட்டைத் திறப்பது சுண்ணாம்பின் காரம். 1951இல் ஹோசே லகூனா, கென்னத் கார்ப்பென்டர் என்னும் இருவர் எலிகளைக் கொண்டு இதனைச் சோதித்தனர். நயாசின் குறைந்த உணவில் வெறும் சோளத்தை உண்ட எலிகள் வாடின. சுண்ணாம்பில் பக்குவமான சோளத்தை உண்டவை நன்கு வளர்ந்தன. அதற்கு முன்னரே 1945இல், கிராவியோத்தோ முதலிய ஆராய்ச்சியாளர் மெக்சிகோ அடையின் ஊட்டத்தைப் பகுத்து அறிவியல் இதழில் வெளியிட்டிருந்தனர். சுண்ணாம்பு வழியாக எலும்புக்குரிய கால்சியமும் ஏழைகளுக்குப் பெருமளவு கிடைத்துவந்தது தெளிவாயிற்று. உடன் உண்ணும் அவரையினமும் தன் பங்குக்கு உதவியது. மில்ப்பா என்னும் மெக்சிகோ வயலில் சோளத்தின் தண்டைப் பற்றி அவரைக்கொடி ஏறும். பூசணியின் இலை நிலத்தை மூடும். சோளத்தில் குறைந்த புரதக்கூறு அவரையில் நிறைந்துள்ளது. புல்னெஸ் இழித்துரைத்த உணவுக்கு ஆய்வுக்கூடம் இவ்வாறு சான்று வழங்கியது. அவர் 1924இலேயே மறைந்துவிட்டார்.

முழந்தாளிட்டவர் கணக்கு

இங்கே நிறுத்திவிட்டால் வரலாறு பாதியே சொன்னதாகும். இவ்வறிவைக் காத்த பெண்கள் அதற்குத் தம் உடலையே விலையாகத் தந்தனர். ஒரு குடும்பத்துக்கு வேண்டிய மாவை மெத்தாத்தேயில் அரைக்க நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். மாசா மறுநாள்வரை தாங்காது. ஆகவே நாள்தோறும் விடியுமுன் எழவேண்டும். இதற்கு விடுமுறை இல்லை. முழங்காலும் இடுப்பும் தோளும் தேய்ந்த இப்பாட்டை, மெக்சிகோ உணவைப் புகழ்ந்து எழுதுவோர் பலர் மறந்துவிடுகின்றனர்.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயந்திர அரைவை ஆலைகள் நாட்டுப்புறம் வந்தபோது எதிர்த்தவர் யார்? ஆண்கள். மெக்சிகோ நகருக்குத் தெற்கேயுள்ள தெபோஸ்த்லான் ஊரை ஆராய்ந்து 1951இல் நூல் வெளியிட்ட ஆஸ்கர் லூயிஸ், அவ்வூர் ஆடவர் ஆலையை விரும்பாத கதையைக் கூறுகின்றார். ஆலை மாவு சுவைக்காது என்றனர். பெண்டிருக்கு ஓய்வு மிகுந்தால் நெறி தவறுவர் என்றும் அஞ்சினர். பெண்கள் விட்டுக்கொடுக்கவில்லை. லாசரோ கார்தெனாஸ் குடியரசுத் தலைவராயிருந்த 1934 முதல் 1940 வரையான காலத்தில், பல ஊர்களில் பெண்கள் சங்கம் அமைத்து அரசிடம் ஆலை கேட்டுப் பெற்றனர். உணவு மாறவில்லை, முழந்தாள்தான் நிமிர்ந்தது. வேறு சில நாடுகளில் இயந்திரம் வந்ததும் பக்குவமுறை போயிற்று. மெக்சிகோவிலோ சுண்ணாம்புப் பானையை வீட்டில் வைத்துக்கொண்டு, அரைக்கும் பாட்டை மட்டும் ஆலைக்குத் தள்ளினர். இந்தப் பகுத்தறிவுக்குரிய புகழும் அப்பெண்களையே சாரும்.

அண்மைக் காலத்து நிகழ்ச்சிகள் இன்னொரு வகையின. 1949இல் வடமாநிலமாகிய நுவோ லியோனில் செர்ரால்வோ என்னும் ஊரில், நிஷ்தமாலை உலர்த்திப் பொடியாக்கி விற்கும் தொழில் தொடங்கிப் பின்னர் பெருகிற்று. நீர் ஊற்றிப் பிசைந்தால் மாவு. வேலை மிச்சம், மணம் குறைவு என்பர் பழகிய நாவினர். 1994இல் வட அமெரிக்க வணிக உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபின் அமெரிக்க மஞ்சள் சோளம், பெரும்பாலும் கால்நடைத் தீவனத்துக்காக, ஏராளமாக இறங்கிற்று; மலைச்சாரல் சிறு உழவர் பலர் நிலத்தை விட்டு நகரங்களுக்கும் எல்லைக்கு அப்பாலும் சென்றனர். உழவர் போனால் அவரோடு அவர் குடும்பத்து விதையும் போகும். மெக்சிகோவில் மக்காச்சோள இனங்கள் ஏறத்தாழ அறுபது உள. அடைக்கு ஒன்று, பொசோலேக்கு ஒன்று, கஞ்சிக்கு ஒன்று என ஒவ்வொன்றுக்கும் அடுப்படியில் தனி வேலை உண்டு. அவற்றைக் காப்பவர் விதைக் கிடங்குகளைக் காட்டிலும் அச்சிறு உழவரே. 2007 ஜனவரியில் அடையின் விலை ஏறியபோது பல்லாயிரவர் தலைநகரத் தெருக்களில் திரண்டனர். 2010இல் யுனெஸ்கோ நிறுவனம் மெக்சிகோவின் மரபுச் சமையலை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. மரபணு மாற்றிய மக்காச்சோளத்தைப் பயிரிட உரிமம் வழங்குவதை 2013இல் ஒரு நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2025 மார்ச்சில் அரசியலமைப்பே திருத்தப்பட்டு, அவ்வகைப் பயிரீடு விலக்கப்பட்டதோடு, மக்காச்சோளம் நாட்டின் அடையாளக் கூறு என்றும் எழுதப்பட்டது.

1990இல், மலாவி நாட்டில் தஞ்சம் புகுந்திருந்த மொசாம்பிக் அகதிகளுக்கு மக்காச்சோளமே பங்கீட்டு உணவாய் வழங்கப்பட்டது. உடன் கொடுத்துவந்த நிலக்கடலை கிடைக்காமற்போன சில திங்களில் பெலாகரா மீண்டும் தலைதூக்கி, 17,000 பேருக்கு மேல் பற்றியது. கடலையில் நயாசின் உண்டு. சுண்ணாம்பு நீரில் ஊறவைக்கும் வழக்கம் அங்கே எவருக்கும் இருக்கவில்லை.

வஹாக்கா மலையூர்களில் விடியற்காலையில் பெண்கள் நிஷ்தமால் வாளியுடன் ஆலை வாயிலில் காத்திருப்பதை இன்றும் காணலாம். ஆலை அரைத்துத் தந்த மாவை வீட்டுக்குக் கொண்டுவந்து, அடை நன்கு உப்ப வேண்டும் என்று கருதுவோர், மெத்தாத்தேயில் இன்னொரு முறை இழைத்துக்கொள்ளுகின்றனர்.